உதட்டில் இருந்த ஊர்

தறிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ரயில் டிக்கெட். அதில் இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன. கோமதி என்பது நான். மாடத்தி என்பது அம்மா.

உள்ளே பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் முதலில் காதுக்கு வராது. முதலில் பல்லுக்கு வரும், பிறகு நெஞ்செலும்புக்கு. பஞ்சுத் தூசி படிந்த புருவங்களோடு அம்மா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முடிச்சை விடாமலே புருவத்தை மட்டும் உயர்த்தினாள். என்ன வேணும் என்று அர்த்தம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் என்னோடு சென்னைக்கு வந்து இருக்க வேண்டும். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள். எனக்குச் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை வேலை. சின்னதாக ஒரு வீடும் பார்த்துவிட்டேன். போனில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "சரி மக்கா" என்றாள். பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாளே டிக்கெட்டோடு ஊருக்கு வந்து இறங்கினால், "என்னத்தட்டி மெட்ராசு? நீ எப்பம்ட்டி கேட்ட?" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து கோபத்தை வளர்த்தேன். பிறகு தறிக்கூடத்துக்கே சண்டை போட வந்துவிட்டேன்.

அந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கும் கோயம்புத்தூர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். "உங்கள் அம்மா பேசுவதை எல்லாம் அப்படியே திருநெல்வேலித் தமிழில் எழுதுகிறீர்கள். நீங்கள் மட்டும் ஏன் புத்தகத் தமிழில் பேசுகிறீர்கள்? நீங்களும் அந்த ஊர்தானே?"

சுருக்கென்றது. நியாயமான கேள்வி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கைநாட்டு வைக்கும் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்களை விரல் வைத்துப் படித்துக் காட்டியபோது எனக்கு ஏழு வயது. அப்பா அன்று தெருவில் இருந்த எல்லார் கார்டையும் வாங்கிவந்து என் முன்னால் போட்டார். "படி, எல்லாத்தையும் படி." நான் புத்தகம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் படித்தேன். படிக்கிற குரல் வேறு, சாப்பிடக் கேட்கிற குரல் வேறு என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். படிக்கிற குரலுக்குத்தான் கைதட்டல் கிடைத்தது.

அதனால்தான் அம்மணி, என் கதையைச் சொல்லும்போது அந்தக் குரல் தானாக வந்துவிடுகிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. பாடுபட்டுச் சேர்த்த குரல் அது.

தறிப் பேச்சு

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தறிக்கூடத்துக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டால் பேசுவார்கள்.

பேசத்தான் செய்வார்கள், நாள் முழுக்க. ஆனால் சத்தம் எழுப்பிப் பிரயோசனம் இல்லை. பக்கத்தில் நிற்பவள் காதில் கத்தினாலும் தறி அதை விழுங்கிவிடும். எனவே உதட்டை நன்றாக விரித்து, பல் தெரிய, ஒவ்வொரு சொல்லையும் முகத்தில் எழுதிக் காட்ட வேண்டும். கூடவே கையும் பேசும். மீசையை முறுக்குவது போல் காட்டினால் முதலாளி வருகிறார். கட்டைவிரலை வாயில் வைத்தால் டீ. மாமியாருக்கு ஒரு சைகை உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகத் தறிக்கூடத்துக்குத்தான் போவேன். அம்மாவின் தறிக்குப் பக்கத்தில் நூல் மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பதினாறாம் வாய்ப்பாட்டை உதட்டாலேயே அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறேன். அவளுக்கு வாய்ப்பாடு தெரியாது. ஆனால் நான் எங்கே திக்குகிறேன் என்று உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"திரும்பச் சொல்லு" என்று அவள் உதடு சொல்லும்.

அம்மா மனிதர்களின் ஊரைக் காதால் கண்டுபிடித்ததில்லை, கண்ணால்தான் கண்டுபிடிப்பாள். புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தால் பத்து நிமிடம் அவள் வாயைக் கவனிப்பாள். பிறகு வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் நடக்கும்.

"அவ புளியங்குடிதான். உதட்ட ஒட்டவே விடமாட்டா. எலுமிச்சங்காய கடிச்ச மாதிரியே இருக்கும் வாயி."

"அந்த மேலநீலிதநல்லூர்க்காரி?"

"அவ ஆடு பத்துன வாயில்லா. பக்கத்துல நிக்கவகிட்ட பேசுனாலும் அந்தக் கரையில நிக்கவளுக்குச் சொல்லுத மாதிரிதான் தெறப்பா."

"நம்ம வாயி எப்படிம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "நம்ம வாய்க்கு என்னட்டி? நம்மது சரியாத்தான இருக்கு."

யாருக்கு ராகம்?

அம்மாவின் அந்தப் பதிலைப் பிறகு பல ஊர்களில் பல வாய்களில் கேட்டேன்.

திருநெல்வேலியில் கல்லூரி விடுதி. ஓர் அறையில் நான்கு பேர். ஒருத்தி நாகர்கோவில் பக்கம், ஒருத்தி தூத்துக்குடி, ஒருத்தி பாளையங்கோட்டையில் பெயர் பெற்ற ஆசிரியர் குடும்பத்துப் பெண். அவள் ஞாயிற்றுக்கிழமை வேதப் புத்தகம் வாசிக்கிற சுத்தத்தோடு திங்கட்கிழமை சாம்பார் கேட்பாள். முதல் வாரம் முழுக்க, யார் இழுத்துப் பேசுகிறார்கள் என்பதுதான் சண்டை. நான்கு பேரில் யாருக்கும் ராகம் இல்லை. மற்ற மூன்று பேருக்கு மட்டும் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மூவரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். நான் கத்துகிறேன் என்றார்கள்.

"ஏட்டி கோமதி, நான் இங்கனதான் இருக்கேன், ஒங்க ஊர்ல இல்ல" என்பாள் தூத்துக்குடிக்காரி, காதைப் பொத்திக்கொண்டு.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கத்துவார்கள். எங்கள் தெருவில் அதைக் கத்தல் என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் பேச்சு. பனவடலிசத்திரத்தில் தறி இல்லாத வீட்டிலிருந்து பெண் எடுத்த என் சித்தப்பா வீட்டில், கல்யாணமான மூன்றாம் நாள் அந்தப் பெண் அழுதுகொண்டே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "எல்லாரும் என்ன ஏசிக்கிட்டே இருக்காவ" என்றாளாம். யாரும் ஏசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனவே அம்மா கத்துவதும் எனக்கு எங்கள் தெருவின் பேச்சாகத்தான் பட்டது. வருடத்துக்கு வருடம் அது கூடிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. கவனித்த ஒன்றிரண்டு முறையும், தனியாக இருக்கிறாள், திருத்த ஆளில்லை, அதனால் பட்டிக்காட்டுத்தனம் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதவே கை கூசுகிறது.

மூன்றாம் வகுப்பு பி பிரிவு

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு மூன்றாம் வகுப்பு பி பிரிவு கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த வகுப்பு முழுக்க எங்கள் ஊராகிவிட்டது.

"மிஸ், நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மணி அடித்ததும் போவார்கள். "மிஸ், ஸ்கேல அங்கன வச்சிருக்கேன்." யாழினி என்று ஒரு குட்டி. அவள் ஒருபடி மேலே போய், பென்சில் எடுத்தவளைப் பார்த்து, "ஏட்டி, குடுட்டி" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

யாழினியின் அம்மா வந்தார். ரொம்ப மரியாதையானவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். மேக்ஸ் நல்லா போடறா. ஆனா வீட்ல கெஸ்ட் வந்தா 'இங்கன உக்காருங்க'ங்கறா. எல்லாரும் சிரிக்கறாங்க. அவளுக்கு ஒரு மாதிரி ஆயிடுது."

தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கணக்கு ரொம்ப நல்லா சொல்லித் தர்றீங்க, கோமதி. பேச்ச மட்டும் கொஞ்சம் நியூட்ரலா வச்சுக்கோங்க."

நியூட்ரல் என்பது எந்த ஊர் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி சுபாவுடையது. தஞ்சாவூர்ப் பக்கம். அவள் பேசும்போது பல் தெரியாது. சொற்கள் உதட்டுக்குப் பின்னாலேயே உருவாகி, மெதுவாக வெளியே வரும். அவளைத்தான் பார்த்துப் படித்தேன். வாடகை வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "வர்றேன், போறேன், சொல்றேன்" என்று வாயைக் குறுக்கிக் குறுக்கிப் பழகினேன். வாயைத் திறக்காமல் இருந்தாலே பாதி ஊர் மறைந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தேன். மீதிப் பாதி, குரலை இறக்கினால் போய்விடும்.

இரண்டு வருடம். ஒருநாள் ஆட்டோக்காரர் ஒருவர், "மேடத்துக்கு மெட்ராஸேதானா?" என்று கேட்டார். அன்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் இன்னொரு முதல் ஆளாகிவிட்ட சந்தோஷம்.

சரி மக்கா

அந்த இரண்டு வருடத்தில்தான் அம்மாவுக்கும் எனக்கும் இடையில் போன் கெட்டது. போன் என்ன செய்யும், பேச்சுதான் கெட்டது.

மதிய இடைவேளையில் கூப்பிடுவாள். போனை எடுத்தால் ஆசிரியர் அறையே திரும்பிப் பார்க்கும்.

"ஏட்டீ கோமதீ! சாப்ட்டியா! என்ன கொழம்பு!"

"அம்மா, மெதுவா பேசும்மா. எல்லாருக்கும் கேக்குது."

"சரி மக்கா! சரி! சாப்டு!"

"உங்க அம்மாவுக்குப் போனே வேணாம்பா. ஜன்னல தொறந்து வச்சாலே போதும்" என்பாள் சுபா. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போக ஆரம்பித்தேன். இன்னும் தாழ்ந்த குரலில் பேசினேன்.

நான் எதைச் சொன்னாலும் அம்மா "ஆமா", "சரி மக்கா", "சாப்ட்டியா" என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னாள். மூஞ்சியைக் காட்டிப் பேசு, மூஞ்சியைக் காட்டிப் பேசு என்று மட்டும் நச்சரிப்பாள். வீடியோவில் வரச் சொல்கிறாள் என்று அர்த்தம். ஆசிரியர் அறையில் எப்படி முடியும்? பொறவு, பொறவு என்று தள்ளிவிட்டேன். கொஞ்ச நாளில் அவள் கூப்பிடுவதே குறைந்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதும் அப்படித்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டே ஏதாவது சொல்வேன். அவள் என் முகத்துக்கு எதிரே வந்து வந்து நிற்பாள். பிறகு "சரி மக்கா" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு என்னோடு மட்டும் பேச்சில்லை. நான் பெரிய ஆளாகிவிட்டேன், அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த நிலையில்தான் மூன்று முறை கேட்டேன், மூன்று முறை சரி என்றாள், நான் டிக்கெட் எடுத்தேன்.

சத்தமில்லாத சண்டை

இப்போது தறிக்கூடத்து வாசலுக்குத் திரும்பி வருகிறேன்.

உள்ளே போய் அம்மாவின் தறிக்கு எதிரே நின்றேன். அந்த இரைச்சலுக்குள் கால் வைத்ததும், நான் கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் வாய் தானாக விரிந்தது. பல் தெரிய, உதடு கிழிய, பத்து வயதில் பேசியது போலப் பேசினேன்.

"ஒங்கிட்ட மூணு தடவ கேட்டேன்லா! மூணு தடவயும் சரின்னியே!"

அம்மாவின் உதடு உடனே பதில் சொன்னது. "எதுக்கு சரின்னேன்?"

"மெட்ராசுக்கு வந்து ஏங்கூட இருக்கதுக்கு!"

"ஏங்கிட்ட ஆருட்டி கேட்டா? இப்பம்தான சொல்லுத!"

"பொய் சொல்லாத. போன்ல கேட்டேன்."

"ஆண்டவனுக்குப் பொதுவா சொல்லுதேன், நீ கேக்கல."

இருபது வருடப் பழக்கம். ஒரு சொல் தவறவில்லை. இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சத்தம் துளிகூட இல்லை. தறிக்குத் தறி தலைகள் திரும்பின. உதட்டுச் சண்டையில் ஒரு கஷ்டம் உண்டு. கண் தெரிகிற எல்லாருக்கும் அது கேட்கும்.

பக்கத்துத் தறி முப்பிடாதி அக்கா, அம்மாவோடு பல வருடமாக நிற்பவள். கையை ஆட்டி எங்கள் இருவரையும் தன் பக்கம் திருப்பினாள்.

"மாடத்தி, ஒம் மவ இன்னைக்குத்தான் மனுச பாஷையில பேசுதா!"

அம்மா என்னைப் பார்த்தாள். கோபம் போய் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. "ஆமாட்டி" என்றது அவள் உதடு. "இன்னைக்கு ஒண்ணு விடாம வெளங்குது."

குத்திக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் வெறி ஏறியது. சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"வரவேண்டாம். வந்து அங்கயும் இப்படித் தெருவே கேக்க கத்துவ. எனக்குத்தான் மானக்கேடு."

அதுவும் அவளுக்கு ஒன்று விடாமல் விளங்கியது. திரும்பி நின்று அறுந்த இழையைத் தேடினாள்.

அப்போது கரண்ட் போனது.

தறி நின்றபோது

பன்னிரண்டு தறிகளும் ஒரே நேரத்தில் நின்றால் வருகிற அமைதி பயங்கரமாக இருக்கும். காதுக்குள் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். வெளியே ஒரு காக்கை கரைந்தது.

அம்மாவின் முதுகு எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. ரவிக்கை வியர்த்து ஒட்டியிருந்தது. சொன்னதை விழுங்க வழி தெரியாமல், என் சென்னைக் குரலில், தாழ்வாகக் கூப்பிட்டேன்.

"அம்மா."

எல்லாரும் திரும்பினார்கள். கடைசித் தறியில் நின்றவள்கூடத் திரும்பினாள். அம்மா திரும்பவில்லை.

கோபம் என்று நினைத்தேன். "அம்மா, நான் வேணும்னு சொல்லல. இங்க பாரு."

அவள் இழையை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகில் ஓர் அசைவும் இல்லை. கோபக்காரியின் முதுகு அப்படி இருக்காது. கோபத்தில் இருப்பவள் கேட்காதது போல நிற்பாள், தோள் இறுகியிருக்கும். இந்தத் தோள் சும்மா இருந்தது.

முப்பிடாதி அக்கா அம்மாவின் தோளைத் தொட்டாள். "ஒம் மவ கூப்புடுதால்லா."

அம்மா திரும்பினாள். அவள் கண் என் கண்ணுக்கு வரவில்லை. நேராக என் உதட்டுக்கு வந்து நின்றது. அவள் எப்போதும் அங்கேதான் பார்ப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டிக்கெட் பிடித்த கையைத் தூக்கி என் வாயை மறைத்துக்கொண்டேன்.

"அம்மா, உன் பேரு என்ன?"

அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. பெரிய இடத்து மனிதர்களிடம் சிரிக்கும் சிரிப்பு.

"சரி மக்கா" என்றாள், தறிக்கூடமே அதிர. "சாப்ட்டுப் போ!"

யாரும் சிரிக்கவில்லை. முப்பிடாதி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள்தான் பிறகு சொன்னாள்.

"போன வச்சதும் எங்ககிட்டதான் ஓடியாருவா, தாயி. 'எம் மவ பேசுத தமிழு எனக்கே வெளங்க மாட்டேங்குதுட்டி. அம்புட்டுப் படிச்சிட்டா'ன்னு. அதச் சொல்லும்போது அவ மூஞ்சிய நீ பாக்கணும்."

அம்மா வாழும் உலகத்தில் எல்லாரும் தறிக்காரர்கள். எல்லாரும் உதட்டை விரித்துப் பேசுகிறவர்கள். எல்லார் பேச்சும் அவளுக்கு விளங்கியது, என் பேச்சைத் தவிர. எனவே மாறியது தன் காது என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? மகள் படித்த படிப்பு என்றுதான் தோன்றியிருக்கிறது. அவள் சத்தத்தை நான் பட்டிக்காடு என்று எடுத்துக்கொண்டேன். என் சத்தமின்மையை அவள் படிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடி அறை

ரயிலை விட்டுவிட்டோம். மறுநாள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம், காது டாக்டரிடம்.

ஒரு சின்ன அறைக்குள் அம்மாவை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் கருவியைத் திருகினாள். அம்மா டக் டக்கென்று அமுக்கினாள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

"அம்மா, நீங்க என்னையே பாக்கறீங்களே" என்றாள் அந்தப் பெண். ஒவ்வொரு முறை திருகும்போதும் அவள் புருவம் லேசாக ஏறியிருக்கிறது. அம்மா அதைப் பார்த்துத்தான் அமுக்கியிருக்கிறாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

அதன் பிறகு பட்டன் வெகுநேரம் அமுங்கவில்லை. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. ஹெட்போனின் பட்டையில் சிக்கிய நரைமுடி. எதற்கோ தயாராக, பட்டன் மேல் நிமிர்ந்து நிற்கிற கட்டைவிரல்.

"எத்தன வருஷமா தறி?" என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். "ஒரே நாள்ல போகல. கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கு. அதான் அவங்களுக்கே தெரியல."

உங்களுக்கும் தெரியலையா என்று அவர் கேட்கவில்லை. அவர் நல்லவர்.

இரண்டு வாரம் கழித்துக் கருவி மாட்டினார்கள். பட்டாணி அளவில், காதுக்குப் பின்னால். மாட்டியதும் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆரு இது பேசுதது?" என்று கேட்டாள். கேட்டதும் மறுபடி பொத்திக்கொண்டாள்.

"நீதாம்மா."

"நான் இப்படியாட்டி கத்துதேன்? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் கிசுகிசுத்துக்கொண்டே வந்தாள். கண்டக்டரிடம் சங்கரன்கோவில் என்று கேட்டது அவர் காதில் விழவில்லை. நான்தான் கத்திக் கேட்டு டிக்கெட் வாங்கினேன்.

சாயங்காலம் முப்பிடாதி அக்கா முதற்கொண்டு நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து, காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இப்பம் பேசு பாப்போம். அந்த மெட்ராசுத் தமிழு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் பேசினேன். பள்ளியைப் பற்றி, யாழினியைப் பற்றி, வகுப்பில் எப்படிப் பின்னம் சொல்லித் தருகிறேன் என்பதைப் பற்றி. வாயைக் குறுக்கி, குரலை இறக்கி, என்னிடம் இருந்ததிலேயே நல்ல தமிழில் பேசினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் பேசும்போது அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"இம்புட்டுதானாட்டி?"

"ஏம்மா?"

"நம்ம பேச்சுதானட்டி இது! மெதுவா பேசுத, அவ்வளவுதான். இழுவ எல்லாம் அப்படியேதான இருக்கு. இதப் போயா எனக்கு வெளங்கலன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்?"

இரண்டு வருடக் கண்ணாடிப் பயிற்சி. அந்த ஆட்டோக்காரரை நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று நினைவில்லை.

பிறகு கேட்டேன். கத்தாமல், உதட்டை விரிக்காமல், அவள் கண் மூடியிருக்கும்போதே கேட்டேன்.

"யம்மா, ஏங்கூட வந்து இருக்கியா?"

தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள். அம்மா அந்தச் சத்தத்துக்கு லேசாகத் தலையைத் திருப்பினாள். பிறகு என் பக்கம் திருப்பினாள்.

"வரலட்டி" என்றாள். "நீ காலையில போனா சாயந்தரந்தான் வருவ. அங்கன நான் ஆரு வாயப் பாத்துக்கிட்டு இருக்க? இங்கன பத்துப் பேரு இருக்கா."

"அப்பம் அந்த மூணு தடவ சரின்னது?"

"நீ சாப்ட்டேன்னு சொல்லுதன்னுல்லா நெனச்சேன்."

நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா கையை நீட்டி, பார்க்காமலே, என் முழங்காலைத் தட்டினாள்.

"கோவிச்சுக்காத மக்கா. இப்பம்தான கேட்டுச்சு. அதான் சொல்லுதேன்."